தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரை

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை. மருமகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவள் படுக்கையை உதறிப் போடலாம் என்று தலையணையை எடுத்தேன். அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கருத்தடை மாத்திரை. அதில் மூன்று மாத்திரைகள் காலியாகியிருந்தன.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் சகோதரிகளே, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 'பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. இதற்குள் என்ன அவசரம்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன பேயா, பிசாசா?' என்று மனசு பொருமியது. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனேன். சாம்பார் கொதித்தது; என் மனசும் கொதித்தது.

குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிவிட்டு அவள் உள்ளே வந்தபோது, பேசாமல் அட்டையை எடுத்து மேடைமேல் வைத்தேன். அவள் முகம் வெளுத்துப் போய்விட்டது.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. மெடிக்கல் ஷாப்ல வாங்கினேன். அவருக்குக்கூடத் தெரியாது. இன்னொரு தடவை உடனே ஆயிட்டா எனக்குத் தாங்காது அத்தை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்தக் 'தாங்காது' என்ற ஒரு வார்த்தையில் என் கோபம் எல்லாம் போய்விட்டது. ஏனென்றால் அதே வார்த்தையை நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் சொல்ல நினைத்திருக்கிறேன். சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் சொல்லாமல் விட்டது

எனக்குப் பிறந்த வீடு சின்னாளபட்டி. கைத்தறிக் குடும்பம். 1983-ல் கல்யாணமாகித் திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. 1984-ல் மூத்தவள் பிறந்தாள். "பால் குடுக்கிற வரைக்கும் வயித்துல தங்காது" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். குழந்தைக்கு ஆறாவது மாதம் நடக்கும்போதே மறுபடி வாந்தி ஆரம்பித்துவிட்டது.

உடம்பில் ரத்தம் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். ஏழாம் மாதமே வலி கண்டு ஒரு பையன் பிறந்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தான். ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குப் பேர்கூட வைக்கவில்லை. இதை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. அன்றைக்கு அடுப்படியில் என் மருமகளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி தாயி, நீ நினைச்சது தப்பில்லை. ஆனா தெரியாம எடுத்துக்கிறதுதான் தப்பு. பிரசவத்தப்போ உனக்கு பிரஷர் இருந்துச்சு. இந்த மாத்திரை உனக்கு ஆகுமா ஆகாதான்னு யாருகிட்ட கேட்டே? வா, நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுட்டு வருவோம்" என்றேன்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸம்மா நிதானமாக ஒரு மணி நேரம் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதையும், பிறகு நான் டாக்டரம்மாவிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இதற்குப் புதிதல்ல

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. இந்த விஷயத்தில் எங்கள் திண்டுக்கல் சீமைக்கு ஒரு பெருமை உண்டு.

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறதல்லவா? 1947-ல் அதைத் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சிறு வயதில் கல்யாணம், சிறு வயதிலேயே கணவரை இழந்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூலையில்தான் இடம். அவரோ டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து டாக்டராகி வந்தார். பின்னால் எம்.எல்.ஏ., 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்திய துணை அமைச்சர் என்றெல்லாம் ஆனார். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவர் எப்போதும் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். காந்திஜி செயற்கைக் கருத்தடையை ஒப்புக்கொண்டவர் இல்லை. 1935-ல் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்க அம்மையார் வார்தாவுக்கே வந்து அவரோடு வாதாடிப் பார்த்தார். கட்டுப்பாடாக இருப்பதுதான் வழி என்று காந்திஜி சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலோ பெரியார் 1930-களிலேயே, பெண்ணின் விடுதலைக்குக் கர்ப்பத்தடை வேண்டும் என்று 'குடி அரசு' பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் காந்தி பெயரால் அமைந்த கிராமத்திலேயே 1959-ல் ஆத்தூர் வட்டாரம் முழுவதற்கும் ஒரு சோதனைச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. குடும்பநலமும் அதில் ஒரு பெரிய பங்கு. 1964-ல் அது ஒரு தனி நிறுவனமாகவே வளர்ந்தது. நாட்டுக்கே வழிகாட்டிய ஆராய்ச்சிகள் அங்கே நடந்திருக்கின்றன.

அந்தத் திட்டத்து ஆட்கள் எங்கள் தெருவுக்கும் வந்ததாக அம்மா சொல்லுவாள். எடுத்த எடுப்பில் உபதேசம் பண்ண மாட்டார்களாம். தெருவில் யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்களோ அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுவார்களாம். எங்கள் தெருவில் பாவு ஓட்டும் ஒரு பெரியம்மா முதலில் லூப் வைத்துக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணும் ஆகலை, நமக்கு மட்டும் என்ன ஆயிடப் போகுது?" என்று அம்மாவும் 1966-ல் போய் வைத்துக்கொண்டாள். நான் ஐந்தாவது, எனக்கு அப்புறம் அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த 'லிப்பிஸ் லூப்' பாம்பு மாதிரி வளைந்த பிளாஸ்டிக் வளையம். 1965-ல்தான் இந்தியாவுக்கு வந்தது. இப்போது புழக்கத்தில் இல்லை. அதன் வாரிசுதான் காப்பர்-டி.

அம்மா அவ்வளவு தெரிந்தவளாக இருந்தும், கல்யாணமான என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத்தான் நான் விலை கொடுத்தேன்.

கரு எப்படித் தங்குகிறது?

இது புரிந்துவிட்டால் எல்லா முறையும் புரிந்துவிடும் என்றார் நர்ஸம்மா.

மாதம் ஒரு முறை சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளிவருகிறது. பெரும்பாலும் அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். அதன் ஆயுசு ஒரு நாள்தான். ஆணின் விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டும் கருக்குழாயில் சந்தித்தால் கரு. அந்தக் கரு நகர்ந்து வந்து கர்ப்பப்பையின் மெத்தென்ற உட்சுவரில் ஒட்டிக்கொண்டால் கர்ப்பம்.

பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான்; எனக்கு இப்படித்தான் தோன்றியது. இது பல கதவு உள்ள வீடு. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதவுக்குப் போடும் பூட்டு. சில பூட்டு சாவியோடு இருக்கிறது, வேண்டும்போது திறக்கலாம். ஆபரேஷன் என்பது சாவியைக் கிணற்றில் போட்ட பூட்டு. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு என்று பார்ப்போம்.

ஆணுறை

வாசல் கதவிலேயே விந்தணுவைத் தடுத்துவிடுகிறது. நம் அரசாங்கம் 1968-ல் 'நிரோத்' என்ற பெயரில் மலிவு விலையில் இதைக் கொண்டுவந்தது. ரேஷன் சாமான், பீடி, தேயிலை விற்கிற கடையில்கூட அப்போது கிடைத்தது. அரசு சுகாதார நிலையங்களில் இன்றும் இலவசம். பக்க விளைவு இல்லை. பால் கொடுப்பவர்களுக்கும் தடை இல்லை. பால்வினை நோய், எச்.ஐ.வி. இவற்றிலிருந்து காப்பதும் இது ஒன்றுதான்.

ஒரு உறை ஒரு தடவைக்குத்தான். காலாவதித் தேதி பார்க்க வேண்டும். வெயில் படும் இடத்திலும், பேன்ட் பையில் மடித்தும் வைக்கக் கூடாது. முக்கியமாக ஒன்று: தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுக் கிழிந்துவிடும். 'உறை போட்டும் தங்கிவிட்டது' என்று சொல்லும் பலர் வீட்டில் நடப்பது இதுதான்.

தினசரி மாத்திரை

மாலா-என், மாலா-டி என்று கேட்டிருப்பீர்கள். ஓர் அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. இந்த ஹார்மோன் முட்டை வெளிவருவதையே நிறுத்தி வைக்கிறது. கர்ப்பப்பை வாயில் உள்ள திரவத்தையும் கெட்டியாக்கி விந்தணு ஏறாமல் தடுக்கிறது. தினம் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்த உடனே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் மறந்தால் ஆணுறையும் சேர்த்து, நர்ஸிடம் கேட்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், தலைவலி, இடையில் லேசான ரத்தக் கசிவு இருக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இது ஆகாது. பிரசவமாகி ஆறு மாதம் ஆகாத, தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்த வியாதி வந்தவர்கள், கண் முன்னால் மின்னல் அடித்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், மஞ்சள் காமாலை, ஈரல் கோளாறு உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், 35 வயது தாண்டிப் புகைபிடிப்பவர்கள் தொடக் கூடாது.

என் மருமகள் வாங்கியது இந்த ஜாதி மாத்திரைதான். அன்று நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். 150-க்கு 96. "ஏம்மா, நல்ல வேளை மூணோட நிறுத்தினே" என்றார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லென்றது.

வாரம் ஒரு மாத்திரை

இது நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. 1991-ல் 'சஹேலி' என்று வந்தது. இப்போது அரசுத் திட்டத்தில் 'சாயா' என்று இலவசமாகக் கொடுக்கிறார்கள். இது ஹார்மோன் இல்லை. கரு உருவானாலும் கர்ப்பப்பைச் சுவர் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகாமல் பார்த்துக்கொள்கிறது.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. முதல் மாத்திரை செவ்வாயில் ஆரம்பித்தால் அடுத்தது வெள்ளி. மூன்று மாதம் கழித்துச் செவ்வாய் மட்டும். பால் கொடுப்பவர்களுக்கும் ஆகும். ஆரம்பத்தில் மாதவிலக்கு தள்ளிப் போகலாம், போக்கு குறையலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது நல்லதே. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மூன்று மாத ஊசி

2017-லிருந்து அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் போடுகிறார்கள். இதுவும் முட்டை வெளிவருவதை நிறுத்துகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பின் பால் கொடுப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது.

இதில் மாதவிலக்கு தாறுமாறாகும். பலருக்கு நின்றேகூடப் போகும். 'கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும்' என்று பயப்பட வேண்டாம். உள்ளே சேர்வதற்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: ஊசியை நிறுத்திய பிறகு மறுபடி கரு தங்க ஏழிலிருந்து பத்து மாதம் வரை ஆகலாம். சீக்கிரமே குழந்தை வேண்டும் என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

காப்பர்-டி

பையன் போன அடுத்த வருஷம், 1986-ல், நான் வைத்துக்கொண்டது இதைத்தான். ஆங்கில எழுத்து 'டி' மாதிரி ஒரு சிறிய பிளாஸ்டிக், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒன்று, பத்து வருஷத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை இருக்கின்றன. எடுத்துவிட்டால் உடனே கரு தங்கலாம். நான் எடுத்த பிறகுதான் 1990-ல் என் மகன் பிறந்தான்.

பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே வைக்கலாம். அல்லது ஆறு வாரம் கழித்து வைக்கலாம். முதல் சில மாதம் வலியும் போக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எனக்கு மூன்று மாதம் இருந்தது, பிறகு சரியாயிற்று. "அது நெஞ்சுக்கு ஏறிடும்டி" என்று என் மாமியார் பயமுறுத்தினார். கர்ப்பப்பை ஒரு மூடிய பை. அதிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. ஆனால் காய்ச்சல், அடிவயிற்றில் கடும் வலி, நூல் கைக்குத் தட்டுப்படாமல் போவது, மாதவிலக்கு தள்ளிப் போவது — இவற்றில் எது நேர்ந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவசர மாத்திரை

உறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒரு மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்காது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். தீ அணைக்கிற வாளித் தண்ணீர் மாதிரி இது. தினசரிச் சமையலுக்கு ஆகாது.

ஆபரேஷன்

'போதும்' என்று இருவரும் தீர்மானித்தவர்களுக்கு இது. பெண்ணுக்குக் கருக்குழாயையும், ஆணுக்கு விந்துக் குழாயையும் அடைத்துவிடுகிறார்கள். இரண்டில் எளிது ஆணுக்குச் செய்வதுதான். கத்தி இல்லாமல், தையல் இல்லாமல், சிறு துளை வழியாகச் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆண்மைக்கோ உடல் பலத்துக்கோ ஒரு குறையும் வராது. ஆனால் அதற்கப்புறம் மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையும் செய்து பார்த்த பிறகுதான் நிம்மதி.

1990-ல் மகன் பிறந்த பிறகு எங்கள் வீட்டுக்காரர், "நானே போய்ப் பண்ணிக்கிறேன்" என்றார். மாமியார் விடவில்லை. "சம்மட்டி புடிக்கிற கைடா, பலம் போயிடும்" என்று ஒரே அழுகை. கடைசியில் நான்தான் பண்ணிக்கொண்டேன்.

அந்தப் பயம் வெறும் அறியாமை மட்டும் இல்லை என்று பின்னால் புரிந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே வருஷத்தில், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. வட இந்தியாவில் பல இடங்களில் வலுக்கட்டாயம். அதற்குப் பிறகு ஆண்கள் பக்கம் இதைப் பற்றிப் பேசுவதற்கே அரசாங்கம் அஞ்சியது. சுமை முழுக்கப் பெண் தலையில் விழுந்தது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதே கணக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. குடும்பத்தைச் சுருக்கிய பெருமை நம் பெண்களுடையது, வலியும் நம்முடையதே.

எது எவ்வளவு நம்பகம்?

ஒன்றும் செய்யாமல் இருந்தால் நூறு பெண்களில் ஏறக்குறைய 85 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் கரு தங்கிவிடும். வீட்டு நடப்பில் வரும் மறதி, அலட்சியம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆணுறையில் நூற்றுக்குச் சுமார் 13, தினசரி மாத்திரையில் 7, ஊசியில் 4. காப்பர்-டி, ஆபரேஷன் இரண்டிலும் ஒன்றுக்கும் கீழே. ஆபரேஷன் ஆன பிறகும் மாதவிலக்கு தள்ளிப் போனால், 'அதெல்லாம் இருக்காது' என்று உட்காராமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுத்தால் தங்காது என்பதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் மூன்று நிபந்தனை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பூட்டு திறந்துகொண்டது என்று அர்த்தம். என் மூத்தவளுக்கு நாலாம் மாதமே புட்டிப்பால் கொடுத்தேன். என் மருமகளும் ராத்திரியில் பவுடர் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தவறு, நாற்பது வருஷ இடைவெளியில்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வருஷமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குள் என்றால் தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்குக் குறைப் பிரசவம், எடைக்குறைவு என்று ஆபத்து கூடுகிறது. எனக்கு அதைப் புள்ளிவிவரத்தில் காட்ட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது?

அன்று ரத்தமும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9 தான். கர்ப்பம் இல்லை என்று சோதித்து உறுதி செய்துகொண்டார்கள். பிரஷருக்கு டாக்டரம்மா தனியாக வைத்தியம் தொடங்கினார். பிறகு நர்ஸம்மா எல்லா முறையையும் மேஜைமேல் பரப்பி, "நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு" என்றார்.

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "என்னைப் பார்க்காதே தாயி. உன் உடம்பு" என்றேன். காப்பர்-டியில் போக்கு கூடலாம், ஏற்கெனவே ரத்தம் குறைவு என்று யோசித்து, வாரம் ஒரு மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள். ரத்தத்துக்கு இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் பாதுகாப்புக்கு ஆணுறையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் நர்ஸம்மா.

"புருஷன் கையெழுத்து வேணுமாம்மா?" என்று நான் கேட்டேன். "வேண்டாம்மா. மேஜரான பொண்ணு, அவ சம்மதம் போதும். ஆனா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருந்தா அவளுக்கு நிம்மதி" என்றார்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ராத்திரி மகனுக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே சொன்னேன், அவனுக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான் என்று. தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது. "இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?" என்றான். "கேட்க யாரும் இல்லைடா. இப்போ உன் பொண்டாட்டிக்குச் சொல்லப் பயம். ரெண்டையும் நீ யோசிச்சுக்கோ" என்றேன். அவன் அதிகம் பேசவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் கொழுந்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது ஒரு பெரியம்மா, "பொண்ணுதானே, சட்டுபுட்டுன்னு ஒரு பையனைப் பெத்துக் குடுத்துடு" என்று மருமகளிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்குமுன் என் மகனே, "ரெண்டு வருஷம் போகட்டும் பெரியம்மா, அதுக்கப்புறம் பார்ப்போம்" என்றான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எனக்காக யாராவது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

இளம் தாய்மார்களே, மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டி வாங்குமுன் உங்கள் ஊர் நர்ஸிடம் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொண்டு பேசிவிடுங்கள். மாமியார்களே, தலையணைக்கு அடியில் எதையாவது பார்த்தால், ஐந்து நிமிஷம் அடுப்படியில் நின்று கோபத்தை ஆற விட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு அட்டை தலையணைக்கு அடியில் இல்லை. அடுப்படியில் தினசரிக் காலண்டர் பக்கத்து ஆணியில், மஞ்சள் பையில் தொங்குகிறது. செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், மறப்பதற்கு வழியில்லை. அப்படியும் மறந்தால், "மாத்திரை போட்டியா?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வரும். அது என் மகன் குரல்.